மதகடியில் கேட்ட இரண்டு சத்தம்

அன்பு மாப்பிள்ளை பக்கிரிசாமிக்கு,

உன் பதினாறாம் நாள் காரியம் முடிந்து நான்கு நாள் ஆகிறது. தங்கச்சி தங்கம் இரண்டு வேளை சாப்பிடத் தொடங்கியிருக்கிறாள். ஆற்றில் இந்த வருஷம் தண்ணீர் நேரத்துக்கு வந்து, குறுவை நடவு முடிந்துவிட்டது. பந்தலைப் பிரிக்கும்போது உன் மகள் மலர் ஒன்று கேட்டாள். அதனால்தான் இந்தக் கடிதம்.

"மாமா, எங்கப்பா பண்ணைக்காரங்க ஆளா இருந்தாருன்னு கீழத்தெருவுல இன்னும் சொல்றாங்க. நெசமா?"

துக்கத்துக்கு வந்த ஒருவரே அவள் காதுபடச் சொல்லியிருக்கிறார்.

அந்தப் பேச்சு தொடங்கியது, கழக ஆட்சி வந்து சில வருஷம் ஆன ஒரு தை அறுவடையில். கூலிச் சட்டம் வந்திருந்தது. களத்துமேட்டில் அதைக் கேட்டு வாங்க ஆள் வேண்டியிருந்தது. விவசாயத் தொழிலாளர் சங்கத்துக்காக நீ ஊர் ஊராகப் போனாய், பத்திரிகைச் செய்திக்காக நான் உன் பின்னால் உட்கார்ந்து வந்தேன். உன் பழைய மோட்டார் சைக்கிள் இரண்டு பேரோடு ஆற்றுக்கரை ஏறத் திணறும். பண்ணை ஜீப் முந்திப் போய் ஆட்களை மிரட்டிவிட்டிருக்கும். அதனால்தான் திருத்துறைப்பூண்டியில் மெக்கானிக் யூசுப்பிடம் விட்டு, அடைத்துப்போன ஏர் ஃபில்டரை எடுத்துவிட்டுத் திறந்த ஃபில்டரும், உள்ளே தடுப்பில்லாத சைலன்சரும் மாட்டினாய்.

யூசுப் அப்போதே சொன்னார். "காத்து இப்ப கூடுதலா போவுது தோழர். பெட்ரோல் பழைய அளவுதான் வருது. கார்புரேட்டர்ல பெட்ரோல் விடுற ஜெட்ட மாத்தி டியூன் பண்ணணும். இல்லன்னா ஆக்சிலேட்டர விடுறப்பல்லாம் சைலன்சர்ல வெடிக்கும். ஒரு நாள் வண்டிய விட்டுட்டுப் போங்க."

"நாளைக்குக் கூலிப் பேச்சு இருக்கு பாய். வெடிச்சா வெடிக்கட்டும், தீவாளின்னு நெனச்சுக்குவாங்க" என்றாய். நானும் சிரித்தேன்.

அன்று பொழுது சாயும் நேரம் கீழத்தெருவுக்குப் போனோம். மதகுப் பாலத்தின் இறக்கத்தில் நீ ஆக்சிலேட்டரை விட்டாய். இரண்டு முறை வெடித்தது. தெருவுக்குள் நுழைந்தபோது ஒரு ஆள் வெளியே இல்லை. அடுப்பில் உலை கொதித்துக்கொண்டிருந்தது. கதவுக்குப் பின்னாலிருந்து அஞ்சம்மாள் கூப்பிட்டாள்.

"உள்ள வந்துருங்கண்ணே. காரியக்காரன் ரெண்டு தரம் சுட்டுட்டான்."

காரியக்காரர் கோவிந்தராசு பண்ணையின் மேலாள். லைசென்ஸ் துப்பாக்கி வைத்திருந்தார். உன் அப்பாவைக் களத்தில் எல்லோர் முன்னாலும் அறைந்தவர். அறுவடைக் காவலுக்கு ஊரில் முகாமிட்டிருந்த போலீஸ், தெரு சொன்னதை வைத்து அரை மணியில் அவரைப் பிடித்துப் போயிற்று.

"சுட்டது நம்ம வண்டிதாங்க" என்று நீ தெருவில் சொல்லிப் பார்த்தாய்.

"போங்கண்ணே, வண்டி எங்கயாவது சுடுமா?" என்றாள் அஞ்சம்மாள். எல்லோரும் சிரித்தார்கள்.

நான் தபால் ஆபீசுக்குப் போய் பத்திரிகைக்கு டிரங்க் கால் போட்டு, 'இரண்டு முறை துப்பாக்கிச் சத்தம் கேட்டதாகத் தெருவாசிகள் கூறினர்' என்று செய்தி கொடுத்தேன். அந்த வாக்கியத்தில் பிழை இல்லை. அவர்கள் அப்படித்தான் கூறினார்கள்.

காலையில் பேப்பரோடு வந்தாய். "இதுல பொய் இல்ல மச்சான். ஆனா வண்டில பின்னாடி நீதானே உக்காந்திருந்தே?"

"அவன் ரெண்டு நாள் உள்ள இருந்தா என்ன குறைஞ்சுபோவுது? உங்கப்பாவ அடிச்சவன்."

"அடிச்சதுக்கு உள்ள வெச்சாங்கன்னா நானே டீ வாங்கிக் குடுப்பேன். சுடாததுக்கு வெச்சிருக்காங்களே."

நீயே வண்டியை ஸ்டேஷனுக்கு ஓட்டிப் போனாய். எஞ்சின் சூடேறாததால் அது வெடிக்கவே இல்லை. போலீஸ்காரர்கள் சிரித்தார்கள். கடைத்தெரு வரை முறுக்கிப் போய்த் திரும்பி வந்து வாசலில் ஆக்சிலேட்டரை விட்டாய். வெடித்த வெடியில் காவலுக்கு நின்றவர் துப்பாக்கியைத் தூக்கிவிட்டார். "போதும்யா, அணைச்சித் தொலை" என்றார் இன்ஸ்பெக்டர். மத்தியானம் கோவிந்தராசுவை விட்டுவிட்டார்கள்.

கூலிப் பேச்சிலிருந்து சங்கம் உன்னை எடுத்துவிட்டது. எதிராளியை வெளியே கொண்டுவந்தவன் எதிராளியின் ஆள்தானே என்று தெரு பேசியது. நீ உண்மையைச் சொன்னால், துப்பாக்கின்னு பேப்பரிலேயே போட்டிருக்கே என்றார்கள்.

"நீ எழுதினா நம்புவாங்க மச்சான்" என்றாய், ஒரே ஒரு தடவை.

'விசாரணைக்குப் பின் விடுவிக்கப்பட்டார்' என்று மூன்று வரி எழுதினேன். விசாரணையில் என்ன தெரிந்தது என்று எழுதவில்லை. எழுதியிருந்தால் அந்த வண்டியில் நானும் இருந்தேன் என்று ஒப்புக்கொள்ள வேண்டும். வேலைக்குச் சேர்ந்து எட்டு மாதம்தான் ஆகியிருந்தது. நீ ஏன் மறுபடி கேட்கவில்லை? தங்கச்சியின் முகத்துக்காகவா? வண்டியை யூசுப்பிடம் விட்டு டியூன் செய்துகொண்டாய். அதன் பிறகும் என்னை ஏற்றிக்கொண்டுதான் போனாய்.

மலரிடம் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். அவள் அழவில்லை, என்னைத் திட்டவும் இல்லை. "எங்கிட்ட சொல்லி என்ன மாமா, தெருவுல சொல்லுங்க" என்றாள்.

இந்தக் கடிதத்தை நான் வேலை பார்த்த பத்திரிகைக்கே அனுப்புகிறேன். ஞாயிற்றுக்கிழமை கீழத்தெருவுக்குப் போய், நின்றபடி நானே வாசிப்பேன். அஞ்சம்மாள் இருக்கிறாள், காதுதான் மந்தம். அவளுக்குக் கேட்கும் வரை திரும்பத் திரும்பச் சொல்வேன்.

உன் தங்கத்தின் அண்ணன்,
உன் மச்சான் வேதையன்