எட்டுப் பேர் அறுத்த கழனி

திருப்பதி மதிப்பீட்டு முகாமில் விடைத்தாள் திருத்திக்கொண்டிருக்கிறேன். பொருளாதாரத் தாள். ஒரு மாணவி தெலுங்கில் எழுதியிருக்கிறாள்: ‘விவசாயத்தில் தேவைக்கு மேல் ஆட்கள் இருக்கிறார்கள். அவர்களைத் தொழிற்சாலைக்கு அனுப்பினாலும் விளைச்சல் குறையாது.’ அதற்கு மேல் படிக்க முடியவில்லை. நீ போய் எட்டு மாதம் ஆகிறது, நண்பா.

ஆந்திர எல்லையில், நாகலாபுரத்துக்கு வெளியே உன் நைனாவின் ஒன்றரை ஏக்கர். உங்கள் வம்சத்திலேயே முதன்முதலாகப் பட்டா கிடைத்த நிலம். அறுப்பு நாளில் வந்திருந்தேன். நாலு ஆள் போதுமான கழனியில் எட்டுப் பேர் குனிந்திருந்தீர்கள். எம்.ஏ. முடித்த திமிரில் உன்னைக் கிண்டல் செய்தேன். நீ நிமிர்ந்துகூடப் பார்க்காமல் சொன்னாய்:

“நாலு ஆளு வேலதான். எட்டு பேரு செஞ்சிகினு கீறோம், எட்டு வூட்லயும் துன்றாங்க. இதுல இன்னா தப்பு?”

நான் சிரித்தேன். அதற்கு அறிஞர்கள் வைத்த பெயர் எனக்குத் தெரியும்: மறைமுக வேலையின்மை.

பல வருஷம் கழித்துத் தொழிற்பேட்டைக்கு நிலம் கேட்டு வந்தார்கள். ஊரில் ஆளுக்கொன்று சொன்னார்கள். நீ என்னைத்தான் தேடி வந்தாய். “நீ படிச்சவன். குட்த்துடலாமாடா?” டீக்கடை பெஞ்சில், சம்மதப் படிவத்தின் பின்பக்கத்தில் இரண்டு கட்டங்கள் போட்டேன். ஒன்று வயல், ஒன்று ஆலை, நடுவில் ஒரு அம்புக்குறி. நாட்டின் வளர்ச்சி விமானம் போல, கொஞ்ச தூரம் தரையில் ஓடித்தான் மேலே எழும்பும் என்றும் சொன்னேன்.

“ஏறாதவன் இன்னா பண்ணுவான்?” என்று கேட்டாய்.

“எல்லாருக்கும் எடம் இருக்கும்டா” என்றேன். அதை எந்த அறிஞரும் சொல்லவில்லை. அது என் சொந்தச் சரக்கு.

ஆலை வராமல் இல்லை. உங்கள் தெருப் பெண்கள் சீருடை போட்டுக்கொண்டு கம்பெனி பஸ்ஸில் போகிறார்கள். அவர்கள் வீடுகளில் சாப்பாடு முன்னைவிட நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் முப்பத்தைந்து வயதுக்கு மேல் எடுப்பதில்லை என்று உன்னை வாசலிலேயே திருப்பி அனுப்பிவிட்டார்கள். உனக்கு அப்போது முப்பத்தெட்டு. அந்த எட்டுப் பேரும் ஆளுக்கொரு ஊருக்குப் போனார்கள். நீ சென்னைக்குக் கட்டட வேலைக்குப் போனாய். அங்கே சாரம் சரிந்தது.

உன்னைக் கொண்டுவந்து கிடத்தியபோது உன் நைனா என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். “உன்ன கேட்டுத்தானப்பா என்னிய கையெழுத்து போட சொன்னான்” என்றார். குரலில் கோபமே இல்லை. கோபப்பட்டிருந்தால் நான் ஏதாவது பதில் சொல்லியிருப்பேன்.

சித்தூர்க் கல்லூரியில் இப்போதும் அதே இரண்டு கட்டங்களைத்தான் கரும்பலகையில் போடுகிறேன். அம்புக்குறி போட்டதும், “இந்தக் கோட்டில் நடந்து போகிறவருக்கு என்ன வயது?” என்று கேட்கிறேன். தேர்வில் வருமா சார் என்று ஒருத்தன் கேட்டான். வராது என்றேன்.

இந்த மாணவியின் விடையில் ஒரு குறையும் இல்லை. பாடநூலில் உள்ளதை உள்ளபடி எழுதியிருக்கிறாள். பத்துக்குப் பத்து போட்டுவிட்டேன். உனக்கும் இதே விடையைத்தான் சொன்னேன்.