பின்னால் மாட்டிய பெரிய டயர்கள்

மாமா,

டயரைத் தடவிவிட்டு வந்த குழந்தை என் புடவையெல்லாம் கரியாக்கிவிட்டாள். துவைத்தும் ரப்பர் நாற்றம் போகவில்லை. நீங்கள் போய்விட்டீர்கள், உங்கள் லாரியின் நாற்றம் போகவில்லை.

யுத்தம் முடிந்ததும் பட்டாளத்தார் கழித்துப்போட்ட அந்த லாரியை ஏலத்தில் எடுத்து ஓட்டிவந்தீர்கள். நான்கு சக்கரமும் இழுக்கும், ஆற்று மணலில் மாடு திணறும் இடத்திலும் ஏறும் என்று தெருவையே கூட்டிவைத்துச் சொன்னீர்கள். பின் டயர்கள் தேய்ந்ததும், வேறொரு பெரிய லாரியின் டயர்களைத் தேடிப் பிடித்துப் பின்னால் மட்டும் மாட்டினீர்கள். பாரம் கூடுதலாக ஏற்றலாம், பார்க்கவும் எடுப்பு. உங்களுக்கு அது போதும்.

நான் கதவோரம் நின்று கேட்டேன். "மாமா, பெரிய சக்கரம் ஒரு சுத்துல அதிக தூரம் போகுங்க. முன்னாடி இருக்கிறது சின்னது. ரெண்டு அச்சுக்கும் பல்சக்கரக் கணக்கு ஒண்ணுதானே? முன்சக்கரமும் இழுக்கணும்னு முன்கியரையும் போட்டா ஒண்ணை ஒண்ணு பிடிச்சு இழுக்காதா?"

நீங்கள் என் முகத்தைக்கூடப் பார்க்கவில்லை. காற்றடித்துக்கொண்டிருந்தவர்களிடம், "கேட்டீங்களா? காலேஜு மருமக லாரிக்கும் பரீட்ச வெக்குது," என்றீர்கள். பிறகு என் பக்கம் கையை வீசி, "போம்மா, அடுப்புல சோறு பொங்கிகினு கீது. உன் கணக்க அங்க போடு." எல்லோரும் சிரித்தார்கள். உங்கள் பிள்ளையும்தான்.

முதல் நடையிலேயே மணலைத் தாண்டிக் கெட்டித் தரைக்கு வந்தபின் முன்கியரை எடுக்க முடியவில்லை. கியர்க் கம்பி இறுகிக் கிடந்தது. காலால் உதைத்து எடுத்தீர்கள். "கிரீசு சரியில்ல" என்றீர்கள். காய்ச்சலில் கண்ணை மூடும்வரை அது கிரீசின் குற்றமாகவே இருந்தது.

போன வாரம் மணல் பாரத்தோடு கரை ஏறும்போது முன் அச்சுக்குப் போகும் தண்டு முறிந்து, லாரி பின்னோக்கிச் சரிந்தது. ஒரு வேலமரம் தடுத்ததால் உங்கள் பிள்ளை உயிரோடு வீடு வந்தார். தண்டைச் சரிசெய்தாயிற்று, நாளைக்கு மறுபடி ஆற்றுக்குப் போகிறாராம். பெரிய டயர்களைக் கழற்றச் சொன்னேன்.

"நைனா கையால மாட்னது. வருசம் திரும்பாம நான் கயட்ட மாட்டேன்."

போனவர் வைத்ததை முதல் திதிவரை அசைக்கக்கூடாது என்பது உங்கள் வீட்டு வழக்கம். உங்கள் நாற்காலி அங்கேயே கிடக்கட்டும், குடை ஆணியில் தொங்கட்டும். அவை யாரையும் கொல்லப்போவதில்லை.

இன்று கிருத்திகை. அவர் மலைக்கோயிலுக்குப் போன நேரத்தில் பட்டறைக்காரரை வரவழைத்தேன்.

"பெரியவரு போட்டதாச்சேம்மா. வந்து கேட்டா?"

"பெரியவரா? அவரே வந்து கேட்டா எங்கிட்ட அனுப்புங்க."

கழற்றிவிட்டார். முன்னால் இருக்கும் அளவிலேயே பின்னாலும் டயர் கிடைக்கும்வரை லாரி கல்மேல் நிற்கும். உங்கள் பிள்ளை மலையிலிருந்து இறங்கி வந்து கத்துவார். கத்தட்டும், கத்துவதற்கு ஆள் இருக்கிறாரே. திதியன்று உங்களுக்குப் பிடித்ததையெல்லாம் சமைத்துப் படைப்பேன், அதில் குறை வைக்கமாட்டேன். மன்னிப்பை மட்டும் இலையில் தேடாதீர்கள்.

உங்கள் பிள்ளைக்கு லாரியை விட்டுப் போனீர்கள். எனக்கு விட்டுப் போனது, தெருமுனையில் என்ஜின் சத்தம் கேட்கும்வரை மூச்சை அடக்கிக்கொண்டு நிற்கும் இந்தப் பழக்கம்.