மருமகளுக்குப் பொரித்த பன்றி

பெப். 12, புதன்
காலையிலிருந்து மழை. ரொட்டி சுடும் பாண் தொழிற்சாலையில் காலை ஷிஃப்ட். இடைவேளையில் மகன் பிரவீனின் டேனிஷ் மெசேஜ். ஞாயிறு ஒரு மணிக்கு வருகிறார்களாம், நிலவறையில் கிடக்கும் அவனுடைய பெட்டிகளை எடுக்க. பிறகு டென்மார்க்கின் மறுகோடியில் எஸ்பியர்க்குக்குக் குடிபோகிறார்கள். மருமகள் லிசாவுக்கு அங்கே வேலை. "லிசாவும் வருகிறாள். அதிக நேரம் நிற்க மாட்டோம்."

மூன்றரை மாதமாக இந்த வீட்டுப் படி மிதிக்காதவர்கள். காரணம் நான். எழுதியே வைக்கிறேன். தீபாவளிக்கு லிசா தன் கையால் பொரித்துக் கொண்டுவந்த பன்றி இறைச்சியை, ட்ரேயோடு கீழே கொண்டுபோய்க் குப்பைத் தொட்டியில் போட்டேன். அவளுடைய பிலிப்பைன்ஸில் விசேஷ நாளுக்குச் செய்கிற சாப்பாடாம். "பண்டியை என்ரை வீட்டுக்குள்ளை கொண்டுவராதை" என்று மகனிடம் கத்தினேன். தமிழில்தான். அவளுக்கு மொழிபெயர்ப்புத் தேவைப்படவில்லை.

நாங்கள் இருக்கும் டோஸ்ட்ருப்பிலிருந்து எஸ்பியர்க் மூன்று மணிநேர ஓட்டம். பக்கத்தில் இருந்தே வராதவன் அங்கிருந்தா வரப்போகிறான்.

மன்னிப்புக் கேட்க வாய் வராது, என்னை எனக்குத் தெரியும். அந்தச் சாப்பாட்டையே சமைத்துக் கொடுப்பேன். மனைவிக்கு இன்னும் சொல்லவில்லை.

பெப். 13, வியாழன்
கூட வேலை செய்யும் ரொடெல் மணிலாக்காரன். கேட்டேன். மா மூட்டையில் சாய்ந்துகொண்டு டேனிஷில் பாடமே எடுத்தான். எழுதிக்கொண்டது:
- தோலோடு வயிற்று இறைச்சி 2 கி. தோல் கீறாதது. (இங்கே எல்லாக் கடையிலும் கீறித்தான் வைத்திருப்பார்கள். சொல்லிவைக்க வேண்டும்.)
- மிளகு, பிரிஞ்சி இலை போட்டு ஒன்றரை மணிநேரம் அவிக்க வேண்டும்
- ஒரு நாள் தோலைக் காயவிட வேண்டும். ஈரம் இருந்தால் பொரிக்கும்போது எண்ணெய் வெடிக்கும், மூஞ்சி கவனம்
- தொட்டுக்கொள்ள வினாகிரி, சோயா, வெங்காயம், மிளகாய்
- உள்ளி (பூண்டு)ச் சோறு: முந்தின நாள் சோறு. கட்டாயம் முந்தின நாள், உதிரியாக

யாருக்கு என்றான். வீட்டுக்கு என்றேன்.

பின்னேரம் மனைவி வசந்தியிடம் சொன்னேன். சண்டை.
"உதென்ன புதுக்கூத்து? என்ரை குசினிக்குள்ளை உது வரப்படாது."
"பல்கனியிலை சமைக்கிறன். புதுச் சட்டி வாங்கிறன். நீர் தொடவே வேண்டாம்."
"அண்டைக்கு எறிஞ்சது நீங்கள். இண்டைக்குச் சமைக்கப் போறதும் நீங்கள்."
பிறகு கோப்பை கழுவிக்கொண்டே, "பிள்ளை வாறான் எண்டதாலை ஓம் எண்டுறன்" என்றாள்.

பெப். 15, சனி
வெயில், ஆனால் 2 பாகைக் குளிர். பல்கனியில் ஒற்றை அடுப்பு, தொப்பி, கையுறை. கைப்பழக்கத்தில் இறைச்சியை மஞ்சளும் உப்பும் போட்டுக் கழுவிவிட்டேன். தோல் மஞ்சள். ரொடெலுக்குப் படம் அனுப்பினேன், சிரிக்கிறான்.

குமட்டும் என்று பயந்திருந்தேன். வெறும் சூப் மணம்தான். அறுபது வயதுவரை எதற்குப் பயந்தேனோ.

அவித்ததைப் பல்கனியிலேயே காயவிட்டேன். கடற்பறவை கொத்தாமல் உடுப்புக் கூடையைக் கவிழ்த்து, மேலே செங்கல். நாளைக்கென்று சோறும் கூடுதலாக.

சவரம் செய்யும்போது டேனிஷில் சொல்லிப் பார்த்தேன்: லிசா, அன்றைக்கு நான் செய்தது பிழை. கண்ணாடிக்குச் சொல்ல வருகிறது.

பெப். 16, ஞாயிறு
காலையில் மூடியைத் திறந்தால் சோற்றில் தண்ணீர். முழுச் சோற்றிலும். வேண்டுமென்றே செய்தாளென்று நினைத்து வசந்தி மேல் பாய்ந்தேன்.
"மிஞ்சின சோத்துக்குத் தண்ணி ஊத்தாமல் வேறென்ன செய்யிறது? முப்பது வருசமாய் ஊத்திறன். கை தன்பாட்டிலை ஊத்திப்போட்டுது."
கண் கலங்கிவிட்டது அவளுக்கு. என் புத்தியைச் செருப்பால் அடிக்க வேண்டும். திரும்பச் சோறு வைத்து, ட்ரேயில் பரப்பிக் குளிரில் ஆறவைத்தேன். வ. உள்ளி உரித்துத் தந்தாள்.

பொரித்தேன். கையில் இரண்டு கொப்புளம். தோல் மொறுமொறுவென்று பொங்கி வந்தது. பெருமையாகத்தான் இருந்தது.

ஒன்று பத்துக்கு வந்தார்கள். லிசா மெலிந்திருக்கிறாள். மணம் பிடித்ததும் வாசலிலேயே நின்றுவிட்டாள். பிரவீன் என்னைப் பார்த்தான், பிறகு பல்கனியை. ஜாக்கெட்டைக் கழற்றினான்.

மேசை வ. வைத்தது. எங்கள் இருவருக்கும் வீட்டுப் பிளேட்டில் சோறும் கத்தரிக்காய்க் குழம்பும். அவர்கள் இருவருக்கும் கடதாசிப் பிளேட். நான் பார்த்தேன். ஒன்றும் உறைக்கவில்லை. நல்ல ஏற்பாடு, பன்றி எண்ணெய் கழுவத் தேவையில்லை என்றுகூட நினைத்தேன். இதை மறைத்து எழுதி என்ன பயன்.

லிசா தோலைக் கடித்துச் சிரித்தாள். சோறு இரண்டாம் தரம் போட்டுக்கொண்டாள். தன் அம்மா உள்ளியை இன்னும் கறுக்க விடுவார் என்றாள். அந்தப் பத்து நிமிடம் நன்றாக இருந்தது.

பிறகு பிரவீன் தன் பிளேட்டின் விளிம்பைத் தூக்கிப் பார்த்தான். எங்களோடு டேனிஷில்தான் கதைப்பான், கோபம் வந்தால் மட்டும் தமிழ்.
"அப்பா, எங்களுக்கு மட்டும் ஏன் பேப்பர்?"
வ., "தம்பி, பண்டியெல்லே..." என்று தொடங்கி நிறுத்தினாள்.
லிசா நாலு பிளேட்டையும் பார்த்தாள். நான் எழுந்து அலமாரியிலிருந்து இரண்டு நல்ல பிளேட் எடுத்துவந்தேன். அவள் டேனிஷில், அமைதியாக: "பரவாயில்லை அங்கிள், நான் சாப்பிட்டு முடித்துவிட்டேன்."

பெட்டி எடுக்க நிலவறைக்கு இறங்கும்போது மாடிப்படியில் சொல்லிவிட்டேன், நான் செய்தது பிழை என்று. அவள் நின்று கேட்டாள்: "எது அங்கிள்? ட்ரேயா, பிளேட்டா?" குத்தலாக இல்லை, தெரிந்துகொள்ளத்தான். மேலே வ. கதவைப் பிடித்துக்கொண்டு நின்றாள். "ட்ரே" என்றேன்.

கோழை.

பெப். 17, திங்கள்
மழை. லீவு போட்டேன். பத்து மணிக்குப் பிரவீனுக்கு ஃபோன். எஸ்பியர்க்குக்கு வாறன், லிசா எதைத் தந்தாலும் உங்கள் பிளேட்டிலை சாப்பிடுவன், பண்டியெண்டாலும், என்றேன். அவன் டேனிஷில்: "லிசாவைக் கேட்டுச் சொல்கிறேன்."

வ. குசினி வாசலில் நின்று கேட்டுக்கொண்டிருந்திருக்கிறாள்.
"நானும் வரலாமோ எண்டு கேட்டனியளோ?"
கேட்கவில்லை.