முதல் வாய்த் தெளுவு

1974, தை, வியாழன்.

கிணற்றுப் பங்கில் என்னை ஏமாற்றிய அண்ணன் வீட்டுக்குப் பல வருடம் கழித்துப் போனேன். அவருக்குத் தொண்டையில் புற்று, வயிற்றில் குழாய். பனந்தெளுவை, அதான் பதநீரை, வாயால்தான் குடிப்பேன், குழாயில் கஞ்சி ஊற்றக் கூடாது என்று காலையிலிருந்து அடமாம்.

குழாயைக் காட்டி, "இதுலயும் பங்கு கேக்க வந்தியாடா?" என்றார், காற்றாய்ப் போன குரலில்.

சிறுவயதில் தெளிந்த தெளுவெல்லாம் அவருக்கு. அடிமண்டி எனக்கு. இன்று சொம்பை என்னிடம் நீட்டினார்.

"எனக்குத்தான் எறங்காது. நீ குடிச்சுச் சொல்லு."

குடித்தேன். "புளிச்சுப் போச்சுங்கண்ணா."

"அப்பக் கஞ்சியே ஊத்து" என்று சட்டையைத் தூக்கினார். புனலைப் பிடித்து நானே ஊற்றினேன்.

கிணற்றை நான் மறக்கவில்லை. ஆனால் தெளுவு புளிக்கவில்லை. அன்று கேட்டும் கிடைக்காத அந்த இனிப்பு, பல் விளக்கியும் நாக்கைவிட்டுப் போகவில்லை.