ஞானஸ்நானப் புத்தகத்தில் என் பெயர்

12 ஆகஸ்ட் 1926, வியாழன்

பாஸ்ராவில் வேலை பார்க்கும் என் வீட்டுக்காரரிடம் போக எனக்கு பாஸ்போர்ட் வேண்டும். பிறந்ததற்கு அத்தாட்சி கொண்டுவா என்கிறார்கள் ஆபீஸில். கோயில் ஞானஸ்நானப் புத்தகத்தைச் சாமியார் இரண்டு தரம் புரட்டினார். அக்கா பெயர் இருக்கிறது, தம்பி பெயர் இருக்கிறது, என் பெயர் மட்டும் இல்லை. ஆத்திரமாக வந்தது. யார் மேல் என்றுதான் தெரியவில்லை.

சாயங்காலம், நான் பிறந்தபோது அம்மாவுக்குப் பிரசவம் பார்த்த ஆரோக்கியம்மாவைக் கூட்டிப் போனேன்.

“சூசையப்பர் திருநாளுக்கு முந்தின ராத்திரி, சாமி. கொழந்தை தங்காதுன்னு நானே தலையில தண்ணி ஊத்திப் பேர் வெச்சேன். விடிஞ்சதும் பால் குடிச்சிடுச்சு. அந்தச் சந்தோஷத்துல கோயில்ல வந்து சொல்ல எல்லாரும் மறந்துட்டோம்,” என்றார்.

“அந்த ஞானஸ்நானம் செல்லும்,” என்று சாமியார் அப்போதே எழுதினார். ஆரோக்கியம்மா சாட்சியாகக் கைநாட்டு வைத்தார். நாளைக்கு அதன் நகலை ஆபீஸில் கொடுக்க வேண்டும். ஒத்துக்கொள்வார்கள் என்றுதான் சாமியார் சொல்கிறார்.

போன ஞாயிற்றுக்கிழமை ஞானஸ்நானம் பெற்ற குழந்தைக்கு அடுத்த வரியில் நான். அது பிறந்து பதினோரு நாள், நான் பிறந்து இருபத்தி நாலு வருஷம். மை காய்வதற்குள் என் பெயரைத் தொட்டுவிட்டேன். விரலை இன்னும் கழுவவில்லை.