சமைத்தவள் கடைசியில் சாப்பிடும் வீடு

அன்பு மகளுக்கு அம்மா எழுதிக்கொள்வது. நீ உடம்பும் மனசும் தெம்பாக இருப்பாய் என்று நம்புகிறேன். நான் நடமாட்டமாகத்தான் இருக்கிறேன், முழங்கால் மட்டும் மாடிப்படியைக் கண்டால் முரண்டு பிடிக்கிறது. இதற்கு அடுத்த வரியில் எப்போதும் பிள்ளையும் சௌக்கியம் என்று எழுதுவேன், இந்தத் தடவை கை அங்கேயே நின்றுவிட்டது. போனில் சொல்லலாம் என்றால் நீ பாதியில் குறுக்கே பேசுவாய், நான் அழுதுவிடுவேன், அடுத்த அறையில் உன் மகள் வாயாடிக்கும் கேட்கும், அதனால்தான் கடிதம். அஞ்சாம் வகுப்போடு நின்றவள் என்னத்தை எழுதப்போகிறாள் என்று மேலோட்டமாகப் பார்க்காதே, அந்த அஞ்சு வகுப்பிலும் கையெழுத்துக்குப் பரிசு வாங்கியவள் நான், சமையல் வேலை பார்த்த கேன்டீன் கரும்பலகையில் இன்றைக்கு என்ன சாப்பாடு என்று நான் எழுதினால் மேனேஜரே நின்று படித்துவிட்டுப் போவார். உட்கார்ந்து நிதானமாகப் படி.

நம் வாயாடிக்கு வந்திருப்பது வியாதிதான் கண்ணு. திமிர் இல்லை, பள்ளிக்கூடத்துப் பெண்களைப் பார்த்துப் பிடித்த பைத்தியமும் இல்லை. பள்ளிக்கூடப் படியில் மயங்கி விழுந்தாள், ஆஸ்பத்திரியில் சேர்த்தோம் என்று நான் போனில் சொன்னபோது நீ, "எல்லாம் கொழுப்பும்மா, பசின்னா என்னன்னு தெரியாம வளந்தவ, ரெண்டு அறை விட்டா தட்டை வழிச்சுச் சாப்பிடுவா" என்றாய். நீ பயத்தில் பேசினாய் என்று எனக்குத் தெரியும், உன்னைப் பெற்றவளுக்குத் தெரியாதா. ஆனால் அன்றைக்கு எனக்குக் காது சரியாகக் கேட்கவில்லையென்று நர்ஸ் பெண் போனைச் சத்தமாக வைத்திருந்தாள், உன் பிள்ளை கட்டிலில் படுத்தபடி எல்லாவற்றையும் கேட்டாள். அழவில்லை. சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாள், அன்று முழுக்க ஒரு வாய் தண்ணீர்கூட இறங்கவில்லை, அதனால் குழாய் வழியாக ஏற்ற வேண்டியதாயிற்று. உன்னைக் குத்திக்காட்ட எழுதவில்லை, ஒரு சொல் அவளுக்குள் எவ்வளவு தூரம் போகிறது என்று உனக்குத் தெரியவேண்டும் என்பதற்காக எழுதுகிறேன்.

ஒரே வீட்டில் இருந்துகொண்டு கிழவிக்குக் கண் எங்கே போயிற்று என்று நீ கேட்கலாம், நியாயம்தான். போன கோடையில் அவளே வந்து, "பாட்டி, ஊருக்கே வடிச்சுக் கொட்டினது போதும், நீ உக்காரு, இனிமே அடுப்படி என்னோடது" என்றாள். எனக்குத் தலைகால் புரியவில்லை, எதிர்வீட்டு டைப்பிஸ்ட் அக்காவிடம், இஸ்திரிக்கடைக்காரரிடம், பஸ்ஸில் பக்கத்தில் உட்கார்ந்த முன்பின் தெரியாத அம்மாவிடம்கூடப் பெருமை அடித்தேன். சமையலும் குறை சொல்ல முடியாது, எனக்குச் சுடச்சுடப் போட்டு இன்னும் கொஞ்சம் இன்னும் கொஞ்சம் என்று நிற்பாள், நீயும் உக்காரேன்டி என்றால், "நம்ம வீட்டுல சமைச்சவங்க கடைசிலதானே பாட்டி" என்பாள். அது நான் போட்ட சட்டம்தானே. கேன்டீனில் ஷிப்ட் ஆட்கள் எல்லாம் சாப்பிட்டுப் போனபிறகு நாங்கள் பாத்திரம் கழுவும் தொட்டிப் பக்கம் நின்றபடி நாலு வாய் போட்டுக்கொள்வோம், அதே வழக்கத்தை வீட்டுக்கும் கொண்டுவந்தேன், உனக்கும் அப்படித்தான் பழகியது. சமைத்தவள் சாப்பிட்டாளா என்று நம் வீட்டில் யாரும் திரும்பிப் பார்த்ததில்லை. அந்த இடத்தில்தான் பிள்ளை போய் ஒளிந்துகொண்டாள்.

வெளிச்சத்துக்கு வந்தது எப்படி என்றால் சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை. ஆஸ்பத்திரியில் அவளைப் பார்க்க வந்த இஸ்திரிக்கடைக்காரர் தழுதழுத்துப்போய், "பாப்பா சீக்கிரம் வீட்டுக்கு வரணும்மா, தினமும் எங்க கறுப்பனுக்கு ஒரு தட்டு சோறு அதுதான் கொண்டாந்து வெக்கும், மகராசி கை, நாயப் பாருங்க எப்பிடி உருண்டு போச்சுன்னு" என்றார். பின்னால் நின்ற டாக்டரம்மா என் முகத்தைப் பார்த்தார், நான் அவர் முகத்தைப் பார்த்தேன். பிள்ளை தேய்ந்துகொண்டே வந்தாள், அவள் பங்குச் சோற்றில் கறுப்பன் நடக்க முடியாமல் கொழுத்துவிட்டான்.

அதற்குப் பிறகு டாக்டரம்மா கேட்கக் கேட்க ஒவ்வொன்றாக ஞாபகம் வந்தது. அடுப்பு எரியும் அறையில் ஸ்வெட்டர் போட்டுக்கொண்டு குளிருது என்றது, இரண்டு ஆள் புகுந்துகொள்கிற மாதிரி தொளதொளச் சட்டை, குளியலறைக் குழியில் முடி அடைத்துக்கொண்டது, மாதவிலக்கு நின்றுபோய் என்னிடம் மறைத்தது, எப்போதாவது என்னோடு உட்கார்ந்தால் ஒரு துண்டு பழத்தை ஊசி முனையளவு நறுக்கித் தட்டில் நகர்த்திக்கொண்டே இருந்தது, எதையாவது மறந்துவிட்டேன் என்று சொல்லி மாடிப்படியில் ஏறி இறங்கிக்கொண்டே இருந்தது, எடுத்ததற்கெல்லாம் எரிந்து விழுந்தது. வீடு அதிரப் பேசுகிறவள் வாய் மூடிக்கொண்டது. தனித்தனியாகப் பார்த்தால் வயசுக் கோளாறு என்று தோன்றும், சேர்த்துப் பார்த்தால்தான் தெரிகிறது. கண்ணாடியில் அவளுக்கு வேறு ஒருத்தி தெரிகிறாளாம், நமக்கு எலும்பு தெரிகிற இடத்தில் அவளுக்குச் சதை தெரிகிறதாம், நாம் பொய் சொல்கிறோம் என்று நினைக்கிறாளாம். ஆண் பிள்ளைகளுக்கும் வரும், பார்க்கக் குண்டாக இருப்பவர்களுக்கும் வேறு விதமாக வரும், வெளியே தெரியாது என்றார். யார் செய்த தப்பு டாக்டரம்மா என்று கேட்டேன். அவர் என் கையைப் பிடித்துக்கொண்டு, "யார் தப்புன்னு தேடாதீங்கம்மா, ஒரு காரணத்தால வர்ற நோய் இல்ல இது. பொண்ணோட இதயம் ரொம்ப மெதுவா அடிக்குது, அதைப் பாருங்க முதல்ல" என்றார். இதை மறைத்து எழுத மாட்டேன். இப்படியே விட்டால் உயிருக்கு ஆபத்து என்று சொல்லித்தான் சேர்த்துக்கொண்டார்கள்.

இப்போது வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள், ஆனால் வைத்தியம் இனிமேல்தான். ஊட்டி ஊட்டி ஒரே வாரத்தில் தேற்றிவிடுகிறேன் என்றேன், அதுதான் கூடாதாம், காய்ந்த உடம்பில் திடீரென்று நிறையக் கொட்டினால் இரத்தத்தில் உப்புகள் தடுமாறி ஆளையே கொண்டுபோய்விடுமாம். கொஞ்சம் கொஞ்சமாக ஏற்ற வேண்டும், வாராவாரம் எடையும் இரத்தமும் பார்க்கிறார்கள், எடையை அவளுக்குச் சொல்வதில்லை. மனசுக்கு வைத்தியம் பார்க்கும் பெண் ஒருத்தி இருக்கிறாள், சின்ன வயசு, வாயாடியைவிட மெதுவாகப் பேசுகிறாள், அவளிடம் பிள்ளை கொஞ்சம் வாய் திறக்கிறாள். மாதக்கணக்கில் ஆகும், நடுவில் சறுக்கும், ஆனால் நிறையப் பேர் முழுசாகத் தேறி வருகிறார்களாம். வீட்டு ஆட்கள் கூட உட்கார்ந்து சாப்பிட வைக்க வேண்டும், அதுதான் பாதி மருந்து. கத்தக்கூடாது, கெஞ்சக்கூடாது, எழுந்து போகவும் விடக்கூடாது.

உனக்கு இது கஷ்டமாக இருக்காது. அந்தக் குளிர் தேசத்தில் நீ வேலை பார்க்கும் முதியோர் இல்லத்தில் வாயை இறுக்கி மூடிக்கொள்ளும் அந்தப் பாட்டியைப் பற்றிச் சொன்னாயே, ஒரு கிண்ணம் கஞ்சிக்கு எவ்வளவு நேரம் ஆனாலும் பக்கத்திலேயே உட்கார்ந்து வேறு கதை பேசிக்கொண்டே ஊட்டுவேன் என்று. அந்தப் பாட்டியைத் திமிர் என்று சொன்னாயா, அறைந்தாயா. யாரோ பெற்ற அம்மாவுக்குக் கொடுக்கும் அந்தப் பொறுமையில் கொஞ்சம் உன் பிள்ளைக்கு அனுப்பு, அதைத்தான் கேட்கிறேன். அவளிடம் பேசும்போது சாப்பிட்டியா என்று ஆரம்பிக்காதே. நம் வாயில் அதைத் தவிர வேறு பாசமான சொல் வராது, எனக்கும் தெரியும், நாக்கைக் கடித்துக்கொள். இளைத்துவிட்டாய் என்றும் சொல்லாதே, முகத்தில் சதை வைத்திருக்கிறது என்று சந்தோஷப்பட்டும் சொல்லாதே, அதைக் கேட்டால் அடுத்த வேளை தட்டைத் தொடமாட்டாள். எதிர்வீட்டுப் பூனை குட்டி போட்டதா என்று கேள், பாட்டி குறட்டை விடுகிறாளா என்று கேள்.

முந்தாநாள் நடந்ததைச் சொல்லி முடிக்கிறேன். டாக்டரம்மா சொன்னபடி இரண்டு பேருக்கும் ஒரே நேரத்தில் நானே போட்டு எதிரெதிராக உட்கார்ந்தோம். சோறு, காய், முட்டை, ஒரு டம்ளர் பால். அவள் தட்டையே பார்த்துக்கொண்டிருந்தாள். நான் ஒரு கவளம் எடுத்தேன், நம்ப மாட்டாய், தொண்டையில் இறங்கவில்லை. வாழ்நாள் பூரா நின்றுகொண்டே விழுங்கியவளை ஒருத்தர் உட்கார்ந்து பார்த்தால் எப்படி இறங்கும், எழுந்து தண்ணீர் எடுக்கப் போனேன், திரும்பி வந்து மறுபடி உப்பு எடுக்கப் போனேன். அவள் என்னையே உற்றுப் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, "என்ன பாட்டி, உனக்கும் முடியலையா" என்றாள். முடியலைடி என்றேன். "அப்ப உக்காரு, எந்திரிச்சுப் போகக்கூடாது, அதான் சட்டம்" என்றாள். எத்தனையோ மாசத்துக்குப் பிறகு அந்தப் பழைய அதிகாரக் குரல். நான் ஒரு வாய், அவள் ஒரு வாய் என்று இழுத்து இழுத்துப் பொழுதே போய்விட்டது, பால் மிச்சம்தான், முட்டை பாதிதான், ஆனால் கறுப்பனுக்கு ஒன்றும் போகவில்லை. கை கழுவும்போது என் முகத்தைப் பார்க்காமல், "அம்மாவும் அங்க நின்னுட்டேதான் சாப்பிடுவா, இல்ல" என்று கேட்டாள். கோபத்தில் கேட்கவில்லை. உன்னை நினைத்துக்கொண்டிருக்கிறாள்.

நீ வேலையை உதறிவிட்டு ஓடிவா என்று சொல்லவில்லை, லீவு கிடைத்தால் வா. அதற்கு முன்னால் ஒன்று செய். மனசு வைத்தியம் பார்க்கும் பெண் வாரத்துக்கு ஒரு நாள் வீட்டு ஆட்களோடு பேசுகிறாள், அதில் நீயும் போனில் இருக்க வேண்டுமாம், மாட்டேன் என்று சொல்லாதே. இன்னொன்று, எங்கள் மேஜையில் மூன்றாவது பக்கம் காலியாக இருக்கிறது, அங்கே தண்ணீர்ச் செம்பில் போனைச் சாய்த்து வைக்கிறோம். உன் சாப்பாட்டு வேளையும் எங்கள் வேளையும் எப்படிப் பொருந்தும் என்று நீயே பார்த்துச் சொல், நாங்கள் மாற்றிக்கொள்கிறோம். எங்கேயாவது ஒரு நாற்காலி இழுத்துப் போட்டு உன் தட்டோடு வந்து உட்கார். ஒன்றும் கேட்க வேண்டாம், சொல்ல வேண்டாம், நீ சாப்பிடுவதை அவள் பார்க்கட்டும்.

நீயும் உன் பிள்ளையும் ஆயுசோடு நல்லபடி இருக்க வேண்டும், என் ஆசி எப்போதும் உண்டு. ஸ்வெட்டரை மறக்காமல் போட்டுக்கொள், படி இறங்கும்போது போன் பேசாதே. நாற்காலி ஞாபகம் இருக்கட்டும்.

இப்படிக்கு,
உட்கார்ந்து சாப்பிடக் கற்றுக்கொண்டிருக்கும்
உன் அம்மா