விற்க எடுத்த படங்கள்

அன்புள்ள மகனுக்கு அம்மா எழுதுவது. இங்கே நானும் அப்பாவும் நலம், அவருடைய முட்டி மட்டும்தான் சொன்ன பேச்சு கேட்பதில்லை. நீயும் மருமகளும் வேளாவேளைக்குச் சாப்பிட்டு நன்றாக இருப்பீர்கள் என்று நினைத்துக்கொண்டே எழுதுகிறேன். போனில் சொன்னால் அப்பா பக்கத்தில் உட்கார்ந்து வார்த்தைக்கு வார்த்தை திருத்துவார், அதனால்தான் கடிதம்.

உன் அக்கா வீட்டுக்கு எதிரே படியே இல்லாத அந்தச் சின்ன வீட்டை அதன் சொந்தக்காரர் இந்த மாதக் கடைசி வரைக்கும்தான் நமக்காக நிறுத்தி வைத்திருக்கிறார் என்று சொன்னேன் அல்லவா, அதற்குள் நம் வீடு விலை போக வேண்டுமே என்று தினமும் காலண்டரையே பார்த்துக்கொண்டிருந்தேன். இணையத்தில் போட்ட விளம்பரத்தைப் பார்த்து ஒரு ஈ காக்காய்கூட வரவில்லை. எப்படி வரும், படம் எடுத்தது உன் அப்பா. கூடத்துப் படத்தில் பாதி அவர் கட்டைவிரல், சமையலறைப் படத்தில் கொடியில் காயும் அவர் பனியன். ஐயா, இது ஆளைக் கூப்பிடுற படமா விரட்டுற படமா என்று தரகர் கேட்டே விட்டார். வீடுகளைப் படம் எடுப்பதையே தொழிலாக வைத்திருக்கும் ஒருவரை அவரே காட்டினார், அந்த ஆள் கேட்ட தொகைக்கு வீடு முழுக்க வெள்ளையடித்துவிடலாம். நான் விடுவேனா, தெருமுனையில் கல்யாணப் படம் எடுப்பவரிடம் போய், கல்யாணம் இல்லாத நாள்ல சும்மாதானே இருக்கீங்க, எங்க வீட்டைக் கொஞ்சம் எடுத்துக் கொடுங்களேன் என்று கேட்டேன். ஒரு வீட்டுக்காக லைட்டையெல்லாம் தூக்கிட்டு வந்தா எனக்குக் கட்டாதும்மா, மூணு வீடா சேர்த்துக் கொடுங்க, சல்லிசா முடிச்சுத் தரேன் என்றார். பக்கத்து வீட்டுப் பல் டாக்டர் மாடியை வாடகைக்கு விடப் பார்க்கிறார், அடுத்த வீட்டுத் தையல்காரர் வீட்டை விற்கப் பார்க்கிறார், ஆக மூன்று வீடு சேர்ந்துவிட்டது. ஆனால் படத்துக்கு லட்சணமான சோஃபா நம்முடையது ஒன்றுதான், டாக்டரும் தையல்காரரும் அதை வீடு வீடாகத் தூக்கிக்கொண்டு போனார்கள். விளம்பரம் வந்ததும் தரகர் மூச்சிரைக்க ஓடி வந்தார், மூணு வீட்டுலயும் ஒரே சோஃபா, அதுல ஒரே பூனை தூங்குது, ஒரே வீட்டை மூணு தடவை விக்கிறாங்கன்னு நினைக்க மாட்டாங்களா என்று. சிரித்துச் சிரித்து எனக்கு வயிறு வலித்தது போ. மற்ற இருவரும் அந்தப் படத்தை மட்டும் விளம்பரத்திலிருந்து நீக்கிவிட்டார்கள்.

படங்கள் என்னவோ அத்தனை அழகு, வினையே அதில்தான் வந்தது. அப்பா பார்த்தார், பார்த்துக்கொண்டே இருந்தார், இவ்வளவு நல்ல வீட்டை எவனாவது விப்பானா என்று கேட்டாரே பார்க்கலாம். வீடு பார்க்க ஒரு டீச்சரும் அவர் கணவரும் வந்தார்கள், தங்கமான மனிதர்கள், உன் அப்பா கூடவே நடந்து சுவரில் ஓதம் ஏறும், குழாய் விடாமல் சொட்டும் என்று இல்லாத குறையெல்லாம் சொல்லி அனுப்பிவிட்டார். எனக்கு வந்த கோபத்தில் அன்று அவருக்குக் காபியே போடவில்லை. அந்தச் சின்ன வீடும் கைநழுவிப் போனால் இந்த வாசல் படிகளோடு இந்த மனிதர் என்ன செய்வார் என்று உட்கார்ந்து அழுதேன், உன்னிடம் மறைப்பானேன்.

மறுநாள் காலையில் ஆளைக் காணோம். முட்டி போனதிலிருந்து மாடிப் பக்கமே போகாதவர், உன் அறைப் படத்தைப் பார்த்துவிட்டு, ஒவ்வொரு படியிலும் உட்கார்ந்து உட்கார்ந்து ஏறிப் போய் உன் கட்டிலில் இருக்கிறார், ஜன்னல் வெயில் முழுக்க அவர் மேல். திட்டத்தான் போனேன், முகத்தைப் பார்த்ததும் நானும் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டேன். ஏறியவருக்கு இறங்க முடியவில்லை. டாக்டரும் தையல்காரரும் நாற்காலியில் வைத்துத் தூக்கி இறக்கினார்கள், பார்த்துப்பா, சுவர்ல இடிக்காதீங்க, வரப்போறவங்களுக்குப் பெயின்ட் போயிடும் என்று வழியெல்லாம் உன் அப்பாவின் அதட்டல். எனக்கு அப்போதே உயிர் வந்தது. கீழே வந்ததும் அவரே தரகருக்குப் போன் போட்டு, குழாயெல்லாம் நல்லாத்தான் இருக்கு, அவங்களைத் திரும்ப வரச் சொல்லுங்க என்றார். நேற்றுப் பேசி முடித்தாயிற்று, அக்காவுக்குச் சந்தோஷம் தாங்கவில்லை.

நீ ரெண்டு நாள் லீவு போட்டுக்கொண்டு மாதக் கடைசிக்குள் வந்துவிடு. உன் அலமாரியில் எது வேண்டும் எது வேண்டாம் என்று நீயே பிரித்துக்கொள், நான் பிரித்தால் எல்லாம் பழைய பேப்பர்காரருக்குத்தான் போகும். மருமகளிடம் கழுத்துவலிக்குத் தலையணையை மாற்றச் சொல். ரெண்டு பேரும் நோய்நொடி இல்லாமல் நூறு வருஷம் இருங்கள். அப்பா ஒன்று கேட்கச் சொன்னார், அந்த ரூமுக்குக் காலையில அவ்வளவு வெளிச்சம் வரும்னு அவன் ஏன் ஒரு நாளும் சொல்லலை என்று. பத்து மணி வரைக்கும் இழுத்துப் போர்த்திக்கொண்டு தூங்கினவனுக்கு எப்படித் தெரியும் என்று சொல்லிவிட்டேன். வந்து ஒரு நாளாவது விடியும்போது எழுந்து பார்த்துவிட்டுப் போ.

ஆசையோடு,
அம்மா